‘நார்மல்’ என்று வந்தால் கணவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? கருத்தரிப்பு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் அனுப்பும் விந்து மாதிரிகளைப் பார்த்து அறிக்கை தருகிற ஆய்வகப் பணியாளன் நான். எண்ணிக்கை, அசைவு, வடிவம் மூன்றும் சரியாக இருந்தால் ‘நார்மல்’ என்று எழுதுகிறோம். அத்தோடு கணவர் கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறார். அப்புறம் ஸ்கேன், ஹார்மோன் ஊசி, கருக்குழாய்ப் பரிசோதனை எல்லாம் மனைவிக்குத்தான். இரண்டு முறை கரு கலைந்த பிறகும் ரத்தப் பரிசோதனைக்கு வருவது மனைவிதான்.

அந்த ‘நார்மல்’ எவ்வளவு தாங்கும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் இருக்கும் மில்லிலிட்டருக்கு 1.6 கோடி அணுக்கள், 42 சதவீத அசைவு, 4 சதவீதம் சரியான வடிவம் என்பவை, ஓராண்டுக்குள் துணை கருவுற்ற ஆண்களிடம் கண்ட கீழ் அளவுகள். அதைத் தாண்டியவருக்கெல்லாம் குழந்தை பிறக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. விந்தணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. துண்டாகியிருக்கிறதா என்று பார்க்கும் டி.என்.ஏ. சிதைவுப் பரிசோதனையும் அதே கையேட்டில், விரிவான பரிசோதனைகள் பகுதியில் இருக்கிறது.

அதில் ஒரு முறையைச் சொல்கிறேன். விந்தணுக்களை அகரோஸ் கூழில் கலந்து ஸ்லைடில் பரப்பி, அமிலத்தில் நனைத்து, டி.என்.ஏ.வைக் கட்டி வைத்திருக்கும் புரதங்களைக் கரைத்துவிடுவோம். சாயமேற்றிப் பார்த்தால், டி.என்.ஏ. முழுசாக உள்ள அணுவின் தலையைச் சுற்றி அகலமான ஒளிவட்டம் விரிந்திருக்கும். துண்டு துண்டானதற்கு வட்டம் இருக்காது, இருந்தாலும் மெல்லிய கீற்றுதான். சற்று முன் துள்ளி நீந்திய மாதிரியிலேயே வட்டமில்லாத தலைகள் வரிசையாக வருவதைப் பார்த்திருக்கிறேன். அசைவு வாலின் சங்கதி, சரக்கு தலையில் இருக்கிறது.

விந்தணு உருவாகும்போது டி.என்.ஏ.வைச் சுற்றியுள்ள ஹிஸ்டோன் என்ற புரதங்களில் பெரும்பகுதி போய், புரோட்டமின் என்ற வேறு புரதம் வந்து இறுக்கிக் கட்டுகிறது. கட்டு தளர்ந்தால் ஆக்சிஜனேற்ற அழுத்தம் இழைகளை வெட்டும். முதிர்ந்த அணுவுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வசதி கிட்டத்தட்ட இல்லை. அந்த வேலை முட்டையின் தலையில் விழுகிறது. பெண்ணின் வயது ஏறினால் அந்தத் திறனும் குறைகிறது. கருவுறுதல் ஒழுங்காக நடந்து, பிறகு கரு கலைவதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு. ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்சி செய்தால் தீர்ந்தது என்கிறோமே, அங்கேயும் அணுவை வெளித்தோற்றம் பார்த்துத்தானே பொறுக்குகிறோம்?

இதற்காக வருகிற எல்லாருக்கும் இந்தப் பரிசோதனையை எழுதுங்கள் என்று கேட்கவில்லை. அது வேறொரு வியாபாரமாகிவிடும். பரிசோதனை முறைக்கு முறை வரம்பு மாறுகிறது. முதல் கட்டத்திலேயே இது தேவையில்லை என்று அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் சொல்கிறது. திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதியருக்குத்தான் அதை யோசிக்கச் சொல்கிறார்கள். நான் கேட்பதும் அவர்களுக்காகத்தான்.

அறிக்கையில் சிதைவு அதிகம் என்று வந்ததும் மாத்திரைச் சீட்டு எழுதிவிடாதீர்கள். வைட்டமின், செலினியம், துத்தநாகம் எல்லாம் கலந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பு மருந்தை 2020இல் வெளியான ‘மாக்சி’ ஆய்வில் போலி மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். விந்தின் தரமும் மேம்படவில்லை, டி.என்.ஏ. நிலையும் மேம்படவில்லை. அதைவிட, கணவரை நிற்கவைத்து விதைப்பையைக் கையால் தொட்டுப் பாருங்கள். அங்கே ரத்த நாளங்கள் புடைத்திருக்கும் வெரிகோசீல் இருந்தால் அங்கேயே பாதி விடை கிடைக்கலாம். புகை, தொற்று, வெப்பமான இடத்தில் வேலை, வயது எல்லாவற்றையும் அவரிடமே கேளுங்கள். மனைவியிடம் கேட்டால் சிகரெட் எண்ணிக்கை சரியாக வராது.

கடைசியாக, எங்கள் படிவம். விந்து வெளியேற்றாமல் எத்தனை நாள் விலகியிருந்தார், கடந்த மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்ததா என்ற இரண்டு கட்டங்களும் பெரும்பாலும் காலியாகவே வருகின்றன. விலகல் நாள் கூடினால் சிதைவும் கூடும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆவதால், போன மாதக் காய்ச்சல் இந்த மாத ஸ்லைடில் தெரியலாம். அந்த இரண்டையும் கேட்டு நிரப்பி அனுப்புங்கள். காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விந்து ஆய்வகப் பணியாளன் ஒருவன்