செயலாளர் ஆண்டறிக்கை: சர்க்கரையும் காலும்

தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேரே காலுக்கு வந்துவிடுகிறேன், சர்க்கரை நோய் நம் காலின் உணர்ச்சியைக் குறைத்துவிடும் கதைக்கு.

பாதப் பரிசோதனை முகாம் என்றதும் நம்மில் பலர், "எனக்குக் கால் வலியே கிடையாது" என்றோம். நானும் அந்தக் கட்சிதான். ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் வெறுங்காலோடு வடம் பிடித்தேன். மறுநாள் வீட்டு மொசைக் தரையில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு. பேத்திதான் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து ரத்தம். எனக்கு ஒரு சுருக்குகூடத் தெரியவில்லை. மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டே இரண்டு வாரத்தை வீணாக்கினேன். அப்புறம் போன டாக்டர் செத்த தோலை எடுத்துவிட்டு, எலும்பு வரை போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்த்தார். புண்ணின்மேல் உடம்பு எடை விழாதபடி தனிச் செருப்பும் கொடுத்தார். எடை விழுந்துகொண்டே இருந்தால் எந்த மருந்துக்கும் புண் ஆறாதாம்.

முகாமில் உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. கண்ணை மூடியிருந்த ஆச்சி ஒருவர், "எப்பய்யா தொடப் போறிய?" என்று கேட்டார். "மூணு இடத்துல தொட்டாச்சு ஆச்சி" என்றார் டாக்டர். அதுவரை சுண்டலுக்கு அவசரப்பட்டவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள். உணர்ச்சி குறைந்தவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறையும், மற்றவர்கள் வருடம் ஒருமுறையும் காட்ட வேண்டும்.

ஆணிக்காலை பிளேடால் சீவுவதும் பிளாஸ்திரி ஒட்டுவதும் நம்மிடம் இன்னும் போகவில்லை. அந்தப் பிளாஸ்திரியில் இருப்பது அமிலம். நல்ல தோலையும் அரித்துவிடும். கால் மரத்திருக்கிறது என்று வெந்நீரில் வைப்பது அதைவிட மோசம், சூடு தெரியாமல் வெந்துபோகும். ரப்பர் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடக்கிறவர்களுக்குப் பின்வார் வைத்த எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர்) செருப்புதான் சரி. சாயங்காலம் போய் வாங்குங்கள். அப்போதுதான் கால் வீக்கத்துக்கும் சேர்த்து அளவு பார்க்கலாம். நெல்லையப்பரை உச்சிவெயிலில் பார்க்க வேண்டாம், காலையில் பாருங்கள். அவர் எங்கும் போய்விட மாட்டார்.

உள்ளங்கால் பார்க்கச் சங்கம் வாங்கிய கைக்கண்ணாடிகளில் ஒன்றைக் காணவில்லை. எடுத்துப்போனவர் திருப்பித் தர வேண்டாம், தினமும் ராத்திரி பார்த்தால் போதும்.