ரத்தநாள, சிறுநீரக மருத்துவர்களுக்கு: ஸ்டென்ட் வைக்கும் முன்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

வணக்கம். ஒல்லியான, உயரமான பதினேழு வயதுப் பெண்ணின் தகப்பன் எழுதுகிறேன். சிறுநீரில் ரத்தம், இடது விலாவுக்குக் கீழே வலி. கல்லும் இல்லை, கிருமித்தொற்றும் இல்லை என்று பல மாதங்கள் அலைந்தபின் டாப்ளர் ஸ்கேனும் சி.டி.யும் காரணத்தைக் காட்டின. பெருந்தமனிக்கும் குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்கும் நடுவே, பாக்குவெட்டியில் அகப்பட்டதுபோல் இடது சிறுநீரகத்திலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை நசுங்கியிருக்கிறது. 1972 முதல் 'நட்கிராக்கர்' என்று உங்கள் துறை அழைத்துவரும் சிக்கல்.

கண்டுபிடித்தவர்களுக்கு நன்றி. என் கேள்வி அதன் பிறகு நடந்ததைப் பற்றியது. முதல் சந்திப்பிலேயே நசுங்கிய சிரையை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற உலோக வலைக்குழாயை வைக்கத் தேதி குறித்துவிட்டார்கள். தொடையில் ஒரு துளை, தையல் கிடையாது, மறுநாள் வீட்டுக்குப் போகலாம். பயந்துபோயிருக்கும் பெற்றோர் வேறென்ன கேட்பார்கள்?

ஆனால் அந்த உலோக வலை அவள் ஆயுள் முழுக்க உள்ளே இருக்க வேண்டியது. சிரையின் சுவர் மெல்லியது. மூச்சுக்கும் அசைவுக்கும் ஏற்ப அதன் அகலம் மாறும். ஸ்டென்ட் நழுவி இதயத்துக்குப் போய், நெஞ்சைத் திறந்து எடுக்க நேர்ந்ததை உங்கள் மருத்துவ இதழ்களே பதிவு செய்திருக்கின்றன. அதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

வளரும் வயதினருக்கு, ரத்தப்போக்கு கடுமையாக இல்லாதபோது, இரண்டு ஆண்டுகளாவது காத்திருந்து பார்க்கலாம் என்பதும் எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. எடை கூடினால் இரு தமனிகளுக்கிடையே கொழுப்பு சேர்ந்து சிரைக்கு இடம் கிடைக்கும். பலருக்குக் கத்தி படாமலே குணமாகிறது. (நெய்யைச் சீட்டில் எழுதித் தரும் மருத்துவரை ஒருநாள் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.)

அப்படியும் தீராதவர்களுக்கு, சிரையை வெட்டி, உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப்பெருஞ்சிரையில் சற்றுத் தாழ்வாக இணைக்கும் அறுவை இருக்கிறது. முன்பு வயிற்றைத் திறந்து செய்ததைச் சில இடங்களில் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபியிலும் ரோபோ உதவியாலும் செய்கிறார்கள். சிரையின் வெளிப்புறத்தில் வளையமிட்ட செயற்கைக் குழாயைப் பொருத்துவது இன்னொரு வழி. சீனாவில் அதையே அவரவர் உடலளவுக்கு முப்பரிமாண அச்சில் தயாரித்துப் பொருத்தியிருக்கிறார்கள். இவற்றிலும் ரத்தக்கட்டு, மீண்டும் குறுகுதல் போன்ற ஆபத்துகள் உண்டு. அவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் தாருங்கள். அதில் காத்திருப்பதையும் ஒரு சிகிச்சையாக எழுதுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்களை ஆண்டுதோறும் அழைத்து, வைத்த இடத்திலேயே அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தந்தை