ஒரு ஸ்க்ரூ கழன்றால் நான்கை மாற்றுவது ஏன்? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "ஒரு ஸ்க்ரூ கழன்றது என்று சேணத்தைக் கொண்டுபோனால், நான்கை மாற்றிவிட்டு நான்குக்கும் காசு வாங்குகிறார்கள்" என்று எங்களைப் பற்றி ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. நேரில் கேட்டவர்களுக்குக் கழற்றிய ஸ்க்ரூக்களைக் காட்டியே பதில் சொல்லிவிட்டோம். கேட்காமல் மனத்தில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

நான்கை மாற்றுகிறோம் என்பது உண்மைதான். வயிற்றுப்பட்டியின் இழுவை முழுவதையும் தாங்கும் வளையத்தகடு, சேணத்துக்குள் இருக்கும் மரச்சட்டத்தோடு சில ஸ்க்ரூக்களால்தான் பிடித்திருக்கிறது. அதில் ஒன்று தளர்ந்தால் அதன் பங்குச் சுமை மற்றவற்றின் மேல் ஏறிவிடும். குதிரையின் வியர்வையும் ஒன்றை மட்டும் பார்த்து நனைப்பதில்லை. தளராத ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள்: தலை பளபளவென்று இருக்கும், தோலுக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்த பகுதி மட்டும் உப்பில் அரித்து மெலிந்திருக்கும், விரலால் துடைத்தால் கரிய தூள் ஒட்டும். அப்படிப்பட்டதை மறுபடி முடுக்கி அனுப்ப எங்களுக்கு மனம் வராது. சவாரியின் நடுவே வளையம் பிடுங்கிக்கொண்டால் சேணம் புரளும், ஆளும் கீழே விழுவார். பழுதடையாத இடத்தில் இருப்பவற்றை நாங்கள் தொடுவதே இல்லை. இதையும் அந்தப் பேச்சோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

"ஹார்டுவேர் கடையில் கிடைக்காத ஸ்க்ரூவா?" என்பது இன்னொரு கேள்வி. கிடைக்கும், ஆனால் எல்லாம் சேணத்துக்கு ஆகாது. ஜிப்சம் பலகைக்குப் போடும் கறுப்பு ஸ்க்ரூ கடினமானது, ஆனால் பக்கவாட்டில் அடி வாங்கினால் வளையாமல் பட்டென்று ஒடியும். துத்தநாகப் பூச்சு போட்டது, பூச்சு தேய்ந்ததும் வெறும் இரும்பு. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் துவர்ப்புச் சத்து நிறைய உண்டு. ஈரத்தோடு அது இரும்பைத் தொட்டால் தோல் கறுத்துவிடும். ஒரு காலத்தில் எழுதும் மையே இந்த இரண்டையும் சேர்த்துத்தான் காய்ச்சினார்கள். அந்தக் கறை ஏறிவிட்டால் அதை எடுப்பது பெரும்பாடு.

அதனால் சுமை விழும் இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் போடுகிறோம். அதிலும் 316 என்ற வகைக்கு 304 என்ற வகையைவிட விலை கூடுதல். 316-இல் சேர்த்திருக்கும் மாலிப்டினம் என்ற உலோகம், உப்பினால் வரும் அரிப்பைத் தாங்கும் என்பதால்தான் அதை எடுக்கிறோம். அலங்கார வில்லைகளுக்கும் ஓரத் தோலுக்கும் பித்தளை போதும், பார்க்கவும் அழகு. ஆனால் தோலுக்குப் பூசும் எண்ணெய் பட்டுப் பட்டுப் பித்தளையில் பச்சைப் பிசுக்கு ஏறும். அதை அவ்வப்போது துடைத்துவிடுங்கள். பித்தளை மென்மையானது என்பதால், அதே அளவு எஃகு ஸ்க்ரூவை முதலில் ஓட்டி மரை வெட்டிக்கொண்டு, அதை எடுத்துவிட்டுப் பித்தளையைப் போடுகிறோம். நேராகப் போட்டால் கழுத்தோடு முறியும்.

எங்களுக்கு நேரம் பிடிப்பது நீளத்தில்தான். சேணத் தோல் ஒரு மடிப்பு 5 முதல் 6 மி.மீ. வரை இருக்கும். இரண்டு மடிப்பில் 25 மி.மீ. ஸ்க்ரூ போட்டால் மரத்துக்குள் போவது 13 முதல் 15 மி.மீ. மட்டுமே. பிடி போதவில்லை என்று நீளமானதைப் போட்டால், சட்டம் மெலிந்த இடத்தில் முனை அடியில் எட்டிப் பார்க்கும். கம்பளிக்குள் மறைந்திருக்கும் அந்த முனையை நாம் பார்க்க மாட்டோம், குதிரையின் முதுகுதான் முதலில் அறியும். ஆகவே ஒவ்வொரு துளையையும் ஆழம் அளந்த பிறகே ஸ்க்ரூவை எடுக்கிறோம். 8-ஆம் எண் பருமனுள்ள ஸ்க்ரூவுக்கு மென்மரத்தில் 2.5 மி.மீ., கடின மரத்தில் 3 மி.மீ. அளவில் முன்துளை போட்டு, மரையில் மெழுகு தடவி, கடைசிச் சுற்றுகளைக் கையாலேயே முடுக்குகிறோம். மரை தின்றுபோன பழைய துளையில் பருத்த ஸ்க்ரூவைத் திணித்தால் சட்டம் பிளக்கும். மரக்குச்சியைப் பசை போட்டு அடைத்து, காய்ந்தபின் புதிதாகத் துளையிடுவதுதான் முறை.

இவ்வளவு காலம் எங்களை நம்பிச் சேணத்தைத் தந்தவர்களுக்கு, குறிப்பாக அந்தப் பேச்சைக் கேட்டும் எங்களிடமே வந்தவர்களுக்கு, மனமார்ந்த நன்றி. உங்கள் வார்த்தைதான் எங்களுக்குத் தெம்பு. ஸ்க்ரூக்களின் விலையும் துளை அடைக்கும் கூலியும் அடுத்த மாதத்திலிருந்து பில்லில் தனியாக வரும், பசை காய வேண்டியிருப்பதால் அன்றே திருப்பித் தருவதும் இனி இயலாது.

மாற்றிய பழைய ஸ்க்ரூக்களை இனி ஒரு கவரில் போட்டுச் சேணத்தோடு கொடுப்போம், நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் ஏதாவது கழன்றால் அதையும் தூக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள். மரை எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், இழுவை எங்கே கூடுதலாக விழுகிறது என்பது தெரிந்துவிடும்.

அன்புடன்,
சேணப் பட்டறையினர்