கவனித்துக்கொள்பவருக்கும் ஒரு கோப்பு வேண்டும்: மறதி நோய் மருத்துவப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

மறதி நோய்ச் சிகிச்சைப் பிரிவுகளை நடத்தும் மருத்துவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

ஒருவருக்கு மறதி நோய் (டிமென்ஷியா) என்று உறுதியாகும் நாளில், அவரை அழைத்து வந்த குடும்பம் மருந்துச் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, அடுத்த சந்திப்புக்கான தேதி ஆகியவற்றோடு வீடு திரும்புகிறது. அந்தத் தாள்கள் அனைத்திலும் நோயாளியின் பெயர் இருக்கிறது; அன்று முதல் அவரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, நள்ளிரவில் அவர் எழுந்து நடக்கும்போது பின்னாலேயே நடக்கப்போகிறவரின் பெயர் எதிலும் இல்லை. மறதி நோய் வகைகளில் ஒன்றான அல்சைமர் நோயுள்ள தந்தையைப் பார்த்துக்கொள்ளும் மகளாக நான் உங்கள் முன் வைக்கும் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: நோயாளிக்குக் கோப்பு திறக்கும் அன்றே, அவரைக் கவனித்துக்கொள்பவருக்கும் தனியாக ஒரு கோப்பைத் திறவுங்கள்.

இதை இரக்கத்தின் பேரில் கேட்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 5.7 கோடிப் பேர் மறதி நோயோடு வாழ்ந்தார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். 2019ஆம் ஆண்டில் இந்நோயால் உலகுக்கு ஏற்பட்ட செலவு 1.3 லட்சம் கோடி டாலர் என்றும், அதில் ஏறக்குறையப் பாதி, குடும்பத்தினரும் நெருங்கியவர்களும் ஊதியமின்றிச் செய்த பராமரிப்பின் மதிப்பு என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. அந்தப் பராமரிப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 5 மணி நேரம். அதில் 70 விழுக்காட்டைச் செய்பவர்கள் பெண்கள். ஆக, இந்த நோயின் செலவில் ஏறக்குறையப் பாதியைச் சுமப்பவர்கள் பயிற்சி பெறாதவர்கள், விடுப்பு இல்லாதவர்கள், உங்கள் பதிவேட்டில் இடம்பெறாதவர்கள். வேறெந்தத் துறையிலும் இப்படியொரு பணியாளர் முறையை யாரும் ஏற்கமாட்டார்கள்.

பயிற்சி என்றதும் வகுப்பறையும் சான்றிதழும் நினைவுக்கு வர வேண்டாம். குளியலறை என்றாலே என் தந்தை கத்துவார், கதவைப் பிடித்துக்கொள்வார், சில நாள் கையை ஓங்குவார். ‘நோய் முற்றுகிறது’ என்பதே எனக்குக் கிடைத்த விளக்கமாக இருந்தது. பிறகு ஒருமுறை, அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் புறநோயாளிப் பிரிவின் நடைவழியில் நின்றபடியே சில விவரங்களைச் சொன்னார்: தண்ணீரைத் தலையில் ஊற்றாமல் பாதத்திலிருந்து தொடங்குங்கள், தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, துண்டின் மேலேயே வெந்நீரை ஊற்றுங்கள், குளிரும் கூச்சமும் குறையும், சோப்பை அவர் கையில் கொடுங்கள், எதைச் செய்வதற்கு முன்பும் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை ஒரே ஒரு சிறு வாக்கியத்தில் சொல்லுங்கள். கத்தல் அடியோடு நின்றுவிடவில்லை. ஆனால் குளியல் போர்க்களமாக இருந்த நிலை மாறியது. அந்தச் செவிலியரை நான் அன்று சந்தித்தது தற்செயல். தற்செயலாகக் கிடைப்பதை முறையாகக் கிடைக்கச் செய்வதுதான் நான் கேட்கும் கோப்பின் வேலை.

அதில் முதலில் இருக்க வேண்டியது அழைக்கத்தக்க ஒருவரின் பெயரும் எண்ணும். வரவேற்பு மேசையின் பொது எண் போதாது. இந்நோயில் குடும்பத்துக்கு எழும் கேள்விகள் சந்திப்புத் தேதிக்காகக் காத்திருப்பதில்லை; பெரும்பாலும் அவை மாலை மங்கும் நேரத்தில் எழுகின்றன. சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே ‘வீட்டுக்குப் போகணும்’ என்று பதறும் ஒருவரிடம் ‘இதுதான் வீடு’ என்று வாதிடுவது பதற்றத்தைக் கூட்டும் என்பதையும், பேச்சை மெல்லத் திருப்பி அவரோடு சிறிது நடந்துவிட்டு வருவது உதவும் என்பதையும் அந்நேரத்தில் யாராவது சொல்ல வேண்டும்.

அடுத்தது, அவசர நேரத்துக்கான ஒரு பக்கக் குறிப்பு. ஓரிரு நாளுக்குள் நோயாளியின் நிலை திடீரென்று மோசமானால், அதை மறதி நோயின் இயல்பான வளர்ச்சி என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, மலச்சிக்கலோ, புதிதாகத் தொடங்கிய மருந்தோ காரணமாக இருக்கலாம் என்று அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். லூயி பாடி வகை மறதி நோய் உள்ளவருக்கு பதற்றத்தை அடக்கத் தரப்படும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் கடும் உடல் விறைப்பையும் உயிராபத்தையும்கூட உண்டாக்கக்கூடும். நள்ளிரவில் வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், நோயாளியின் பதற்றத்தை அடக்க ஊசியை எடுக்கும் மருத்துவருக்கு இதைத் தெரிவிக்கும் நிலையில் அங்கே இருப்பவர் மகளோ மனைவியோ மட்டும்தான். அவர் கையில் எழுத்து வடிவில் எதுவும் இல்லையென்றால் அவர் சொல்வதை யார் கேட்பார்கள்?

கவனித்துக்கொள்பவரின் உடல்நலமும் அந்தக் கோப்பில் பதிவாக வேண்டும். அவரது தூக்கம், இரத்த அழுத்தம், மனச்சோர்வு ஆகியவற்றை எந்தச் சந்திப்பிலும் எவரும் கேட்பதில்லை. கவனித்துக்கொள்பவர் உணரும் சுமையை அளக்கும், ஸரிட் சுமை அளவுகோல் என்ற 22 கேள்விகள் கொண்ட படிவம் பல்லாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. உள்ளே நோயாளிக்கு நினைவாற்றல் சோதனை நடக்கும் நேரத்தில் வெளியே நாற்காலியில் காத்திருப்பவர் அதை நிரப்பிவிடலாம். கூடுதலாக ஒரு நிமிடம்கூட உங்களுக்குச் செலவாகாது.

இவற்றால் உண்மையில் பயன் உண்டா என்ற ஐயம் நிர்வாகத்துக்கு எழுவது இயல்பு. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நடந்த நீண்டகால ஆய்வொன்றில், அல்சைமர் நோயாளிகளின் வாழ்க்கைத்துணைக்கும் குடும்பத்துக்கும் ஆறு ஆலோசனை அமர்வுகள், ஆதரவுக் குழு, தேவைப்படும்போது தொலைபேசி ஆலோசனை ஆகியவை அளிக்கப்பட்டன. அந்தக் குடும்பங்களில் நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் நிலை, மற்றவர்களோடு ஒப்பிட இடைநிலை மதிப்பின்படி (median) 557 நாள் தள்ளிப்போனதாக 2006ஆம் ஆண்டு வெளியான முடிவுகள் காட்டின. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாக்கிய எட்டு அமர்வுத் திட்டத்தை நடத்தியவர்கள் உளவியல் பட்டதாரிகள். மூத்த நிபுணர்கள் அல்லர். அதுவே கவனித்துக்கொள்பவர்களின் மனச்சோர்வைக் குறைத்தது. ஆள் இல்லை என்ற பதிலை இதன் பிறகு அவ்வளவு எளிதாக ஏற்க முடியவில்லை.

கையேடுகள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன, நோய் உறுதியான அன்றே எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறீர்கள். பெயரை மறக்கத் தொடங்கியவரின் மகளுக்கு, விழுங்கும் திறன் குறையும் இறுதிக் கட்டத்தைப் பற்றிய அத்தியாயம் அன்று அச்சத்தை மட்டுமே தரும். தேவைப்படும் காலத்தில் அந்தக் கையேடு எங்கே கிடக்கிறதோ தெரியாது. மாறாக, வங்கிக் கணக்கு, சொத்து, உயில், சிகிச்சை குறித்து அவர் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரம் ஆகியவற்றை முதல் சந்திப்பிலேயே பேசியாக வேண்டும். நோயாளிக்குப் புரிந்து கையெழுத்திடும் திறன் இருக்கும் காலம் குறுகியது, அது கடந்துவிட்டால் சட்ட வழிகள் நீளமானவை. இதை மட்டும் ஏனோ எல்லோரும் கூச்சத்தோடு தள்ளிப்போடுகிறார்கள்.

ஆதரவுக் குழுக் கூட்டங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வேலைநாளின் முற்பகலில் கூட்டம் வைத்துவிட்டு, குடும்பங்கள் ஆர்வம் காட்டவில்லை என்று குறிப்பெழுதுவது நியாயமன்று. நோயாளியை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்பதுதான் எங்கள் தடை. பக்கத்து அறையில் அவர்களைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரை அமர்த்திப் பாருங்கள், நாற்காலி போதாமல் போகும்.

உலக சுகாதார சபை 2017இல் ஏற்ற மறதி நோய்ச் செயல்திட்டம், 2025க்குள் 75 விழுக்காடு நாடுகளில் கவனித்துக்கொள்பவர்களுக்கு ஆதரவும் பயிற்சியும் கிடைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அரசுகள் எழுதும் திட்டங்களுக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மேலே கேட்டவற்றுள் இரவு அழைப்புக்கு ஆளும், கூட்ட நாளில் துணைக்கு இருவரும் பணம் கேட்கும் காரியங்கள். அவை படிப்படியாக வரட்டும். இரண்டாவது கோப்பு, ஒரு பக்க அவசரக் குறிப்பு, 22 கேள்விப் படிவம் ஆகிய மூன்றுக்கும் தாளும் ஒரு முடிவும் போதும். இவற்றை அடுத்த மாதப் புறநோயாளிப் பிரிவிலிருந்தே தொடங்க இயலுமா, இயலாதெனில் தடை என்ன என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மறதி நோயாளி ஒருவரின் மகள்