‘சன்டான்ஸ்’ ஆட்ட இயந்திரத்தைச் சீரமைக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

1979-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் எல் கஹோன் நகரில் இயங்கிய சினிமாட்ரானிக்ஸ் நிறுவனம் ‘சன்டான்ஸ்’ என்னும், நாணயம் போட்டு ஆடும் வீடியோ ஆட்ட இயந்திரத்தை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் டிம் ஸ்கெல்லி. அவருடைய ‘ஸ்டார்ஹாக்’, ‘ரிப் ஆஃப்’ ஆகிய வீடியோ ஆட்டங்களை விரும்பி ஆடியவர்களில்கூடப் பலர் இந்த ஆட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. அவ்வளவு அரிதாகிவிட்ட இவ்வியந்திரம் ஒன்று சென்ற ஆண்டு எங்கள் குழுவின் கைக்கு வந்து சேர்ந்தது. அதை மீண்டும் இயங்கச் செய்யவே தங்கள் உதவியை நாடுகிறோம்.

ஆட்டத்தின் அமைப்பு எளியது. முப்பரிமாணத் தோற்றத்தில் எதிரெதிராக இரண்டு கட்ட வலைகள் தெரியும். அவற்றுக்கிடையே சூரியன்கள் துள்ளிக்கொண்டிருக்கும். சூரியன் எந்தக் கட்டத்தில் வந்து விழும் என்று கணித்து, ஒன்பது பொத்தான்களுள் அதற்குரியதை அழுத்தி, அக்கட்டத்தின் கதவைத் திறந்து அதைப் பிடிக்க வேண்டும். சுடுவதற்கு எதிரியும் இல்லை, ஓட்டுவதற்கு விண்கலமும் இல்லை. இது புதிர் ஆட்டமா, கைவேக ஆட்டமா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. அதே ஆண்டின் இறுதியில் அட்டாரி நிறுவனத்தின், விண்கற்களைச் சுடும் ‘ஆஸ்டிராய்ட்ஸ்’ ஆட்டம் வந்து, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களாகப் பரவியது. அந்த வெள்ளத்தில் இந்த அமைதியான ஆட்டத்தை யாரும் தேடவில்லை என்பதில் வியப்பில்லை.

கணினியில், பழைய இயந்திரத்தைப் போலவே செயல்படும் பின்பற்று மென்பொருள் (எமுலேட்டர்) மூலம் இதை இன்றும் ஆடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், மேம் என்னும் மென்பொருளில் இந்த ஆட்டம் உள்ளது. ஆனால் இன்றைய திரை எதையும் புள்ளிகளாக அடுக்கியே காட்டுகிறது. இவ்வியந்திரத்தின் வெக்டர் திரையிலோ எலெக்ட்ரான் கற்றை, பேனா முனையைப் போல, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேரடியாகக் கோட்டை இழுக்கிறது. அந்தக் கோட்டில் படிக்கட்டு விளிம்பு கிடையாது. இருட்டறையில் அது கம்பியைப் போல மின்னும். ‘சன்டான்ஸ்’ திரையில் 16 படி ஒளிச்செறிவும் உண்டு. அதை இயக்கும் மின்சுற்றுப் பலகையில், ஒரே சில்லில் அடங்கிய மைக்ரோபிராசசர் என்று எதுவும் இல்லை. அதே நிறுவனத்தின் ‘ஸ்பேஸ் வார்ஸ்’ ஆட்டத்துக்காக அதன் வடிவமைப்பாளர் லாரி ரோசென்தால் வகுத்த வழியில், டிடிஎல் எனப்படும் சாதாரணத் தருக்கச் சில்லுகளைக் கோத்தே உருவாக்கிய 12 பிட் செயலி அது. ஒரு சில்லு பழுதானாலும் எது என்று கண்டுபிடிக்க, மின்குறிகளின் அலைவடிவைக் காட்டும் அலைகாட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எங்களிடம் உள்ள இயந்திரத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறோம். மின்சாரம் கொடுத்தால் ஏறத்தாழ நாற்பது விநாடிகள் வலைகள் நடுங்கியபடி தோன்றுகின்றன; பிறகு படம் முழுவதும் சுருங்கி, நடுவில் ஒரே வெண்புள்ளியாகி நிற்கிறது. உடனே அணைக்காவிட்டால் அந்தப் புள்ளி விழும் இடத்தில், திரையில் ஒளிரும் பாஸ்பர் பூச்சு கருகிவிடும். ஏற்கெனவே மிளகளவு கருந்தழும்பு ஒன்று விழுந்திருக்கிறது. முன்பு இதைப் பழுதுபார்த்த யாரோ, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பியை முறுக்கி வைத்துப் போயிருக்கிறார். அவர் மிச்சப்படுத்திய சில்லறைக்காகத்தான் இப்போது ஊரெல்லாம் கையேந்துகிறோம். வலப்பக்கப் பொத்தான் பலகையில் ஐந்தாம் எண் பொத்தான் அழுத்தினால் திரும்பி எழுவதில்லை. மரப்பெட்டியின் அடிப்பாகம் ஈரத்தில் ஊறி உப்பியிருக்கிறது.

முழுப் பணிக்கும் 3,800 டாலர் ஆகும் என்று மதிப்பிட்டுள்ளோம். அதில் 1,600 டாலர் படக்குழாய்க்கும் உயர் மின்னழுத்தப் பகுதிக்குமே போய்விடும். இத்தகைய குழாயைப் புதிதாக வாங்க முடியாது, பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்து பொருந்துவதைத் தேடி எடுக்க வேண்டும். எஞ்சிய தொகை சில்லுகள், இணைப்பிகள், பொத்தான்கள், தச்சு வேலை, போக்குவரத்து ஆகியவற்றுக்கானது. உறுப்பினர்கள் தம் கையிலிருந்து 1,450 டாலர் போட்டுள்ளனர். மீதமுள்ள 2,350 டாலரையே தங்களிடம் வேண்டுகிறோம். பழுதுபார்க்கும் வேலைக்கு எவரும் கூலி பெறப்போவதில்லை.

ஐந்து டாலரானாலும் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்வோம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தரப்படும், வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். பணமாகத் தர இயலாதவர்கள், பரணில் கிடக்கும் பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியைக் கொடுத்தாலும் போதும். தயவுசெய்து அதைத் திறந்து பார்க்க வேண்டாம், அணைத்த பின்னும் குழாயில் மின்னூட்டம் தங்கியிருக்கும், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். இலக்கைத் தாண்டி வரும் தொகை உதிரிக் குழாய் ஒன்றுக்கு ஒதுக்கப்படும். பணி நிறைவேறாமல் போனால், செலவு போக எஞ்சியது அவரவர் பங்கின்படி திருப்பித் தரப்படும்.

இயந்திரம் சீரானதும், அதன் நாணயத் துளையை அடைக்காமல், ஆனால் காசு கேட்காமல், வருவோர் யாவரும் ஆடும்படி வைப்பதென்று குழு முடிவு செய்துள்ளது. முதல் ஆட்டம் நன்கொடையாளர்களுக்கே.

இங்ஙனம்,
சீரமைப்புக் குழுவினர்