எல்லாப் பல்சரும் பிசகாத கடிகாரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல்சர்கள் பற்றிய உங்கள் அறிவியல் பக்கக் கட்டுரை படித்தேன். வெடித்த விண்மீனின் அடர்ந்த மிச்சமான நியூட்ரான் நட்சத்திரம் சுழலும்போது, சீரான இடைவெளியில் நமக்குக் கதிர்த் துடிப்பு வந்து சேர்கிறது. அதுதான் பல்சர். 'பிரபஞ்சத்தின் பிசகாத கடிகாரங்கள்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே பட்டம் கொடுத்துவிட்டீர்கள். நொடிக்குச் சில நூறு முறை சுழலும் வயதான பல்சர்களுக்கு அது பொருந்தும். இளசுகளுக்குப் பொருந்தாது.

டர்பைன் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீராவியை அடைத்தபின் ரோட்டர் என்ற சுழலும் பாகத்தின் வேகம் இறங்கிக்கொண்டே வரும். நடுவில் அது தானாக வேகம் பிடித்தால் கண்ட்ரோல் ரூமில் ஒருவரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நம் பால்வெளிக்குப் பக்கத்திலுள்ள சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லானிக் மேகத்தில் இருக்கும் பி.எஸ்.ஆர். ஜே0537-6910 என்ற இளம் பல்சர் அதைத்தான் செய்கிறது, அதுவும் ஆண்டுக்கு மூன்று முறைக்குக் குறையாமல்!

நொடிக்கு 62 சுற்று. எங்கள் கணக்கில் நிமிடத்துக்கு 3,720. நாங்கள் ஓட்டிய 3,000 சுற்று டர்பைனைவிட அதிகம். இங்கே ரோட்டர் அந்த நட்சத்திரமேதான்: சூரியனைவிட எடை கூடியது, குறுக்களவு 20 கிலோமீட்டர் சொச்சம். தன் காந்தப்புலத்தின் வழியே ஆற்றலை இழந்து வேகம் குறைந்துகொண்டே வருகிறது. திடீரென்று வேகத்தில் மேல்நோக்கி ஒரு தாவல். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான், முந்தைய மூன்று மாதம் இழந்ததில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான் திரும்பக் கிடைக்கிறது. மேலோடு வேகம் குறைந்தாலும் உள்ளே உராய்வில்லாமல் ஓடும் நியூட்ரான் பாய்மம் பழைய வேகத்தை விடாமல் வைத்திருக்கிறது. ஒரு கட்டத்தில் அந்த மிச்சத்தை மேலோட்டிடம் கொடுத்துவிடுகிறது. பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இதுதான்.

என்னை அசரவைத்தது வேறு. தாவல் பெரிதாக இருந்தால் அடுத்ததற்குக் காத்திருக்கும் நாட்களும் கூடுகின்றன. அதனால் அடுத்த தாவலை ஓரிரு வாரத் துல்லியத்தில் முன்கூட்டியே சொல்ல முடிகிறது. இதே போல் தாவும் வேலா பல்சரோ நண்டு பல்சரோ இந்தச் சலுகையைத் தருவதில்லை. இன்னொரு வினோதம்: வேகம் குறையக் குறைய, குறையும் வீதமும் தணிய வேண்டும். இங்கே நீண்ட கால அளவில் அந்த வீதம் ஏறிக்கொண்டு போகிறது. அதற்கும் தாவல்களைத்தான் கைகாட்டுகிறார்கள்.

இதன் துடிப்பு எக்ஸ் கதிரில் மட்டுமே பிடிபட்டிருக்கிறது. 2012 வரை ஆர்.எக்ஸ்.டி.இ. என்ற நாசாவின் எக்ஸ் கதிர் செயற்கைக்கோள் கவனித்தது, 2017-க்குப் பிறகு விண்வெளி நிலையத்திலுள்ள நைசர் என்ற எக்ஸ் கதிர்க் கருவி கவனிக்கத் தொடங்கியது. நடுவில் சில ஆண்டுகள் தாவல்களை எண்ண ஆளில்லை. பராமரிப்புப் பதிவேட்டில் அப்படி இடைவெளி விட்டிருந்தால் எங்களுக்கு மெமோ வந்திருக்கும்.

அடுத்த முறை எழுதும்போது வண்ண ஓவியத்துக்குப் பதில், தாவலின் அளவையும் காத்திருந்த நாட்களையும் காட்டும் வரைபடம் ஒன்றைப் போடுங்கள். ஒரு கால் பத்தி போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டர்பைன் பணியாளர்