ஏழு வியாழக்கிழமைகளுக்கு நன்றி

எங்கள் சபைப் போதகரான சேகரகுரு ஐயர் அவர்களுக்கும், அவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஐயா அவர்களுக்கும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களின் வியாழக்கிழமை மாலைகளில் ஆலயத்தின் பின்னாலிருக்கும் வேப்பமரத்தடியில் என்னோடு பாயில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் தோத்திரம்.

ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் சாட்சி சொல்லும்படி ஐயர் என்னைக் கூப்பிட்டார். எழுந்து நின்றேன்; நா எழவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கும் என் அண்ணனுக்கும் 6 ஆண்டுகளாகப் பேச்சு இல்லை என்பது ஊருக்கே தெரியும். அப்பா விட்டுப்போன கிணறு இரண்டு பேருக்கும் பொது. ஒரு கோடையில் தண்ணீர் முறையில் தொடங்கிய சண்டை, மோட்டார் அறைக்கு இரண்டு பூட்டுகள் தொங்குவதில் போய் நின்றது. இந்த 6 ஆண்டுகளும் நான் ஞாயிறு ஆராதனை தவறியதில்லை. காணிக்கை குறைத்ததில்லை. ஆலயத்தின் பொது விருந்தான அசனத்துக்கு அரிசி கொடுத்திருக்கிறேன். அண்ணன் எந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து, அடுத்த பந்திக்குக் காத்திருந்து சாப்பிட்டும் இருக்கிறேன்.

லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு மறுநாள் உபதேசியார் ஐயா எங்கள் ஒவ்வொருவர் கையிலும் 40 பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தார். வாரம் ஒரு கேள்வி. வேதத்தில் கேட்கப்பட்ட கேள்வியாகவே இருக்கும். பதிலை அவரவர் நோட்டில் எழுத வேண்டும். ஒருவருடைய கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது. சட்டம் அவ்வளவுதான். பிரசங்கம் கேட்டே பழகிய எனக்கு அது விநோதமாக இருந்தது. தேவன் எல்லாம் அறிந்தவராயிற்றே, அவர் ஏன் கேட்க வேண்டும் என்று அன்றே கேட்டேன். ஐயா சிரித்துவிட்டு, "முதலில் எழுதுங்கள் தம்பி" என்றார்.

முதல் கேள்வி, எஜமானியிடமிருந்து ஓடிவந்த அடிமைப்பெண் ஆகாரிடம் வனாந்தரத்தில் நீரூற்றண்டையில் கர்த்தருடைய தூதனானவர் கேட்டது. "எங்கேயிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?" கேள்வி இரண்டு, அவள் சொன்ன பதிலோ ஒன்றுதான். நாச்சியாரை விட்டு ஓடிப்போகிறேன் என்றாள். எங்கே போகிறாள் என்பதற்கு அவளிடம் பதில் இல்லை. என் நோட்டிலும் அப்படித்தான் ஆயிற்று. எங்கிருந்து வருகிறேன் என்பதற்கு மூன்று பக்கம் எழுதினேன்: கிணறு, பூட்டு, அண்ணன் சொன்ன வார்த்தைகள். இரண்டாவது கேள்விக்குக் கீழே ஒரு வரியும் ஓடவில்லை.

அடுத்த வாரம், தம்பியைக் கொன்ற காயீனிடம் கர்த்தர் கேட்ட "உன் சகோதரனாகிய ஆபேல் எங்கே?" வந்தது. எனக்காகவே எடுத்து வைத்த கேள்வி என்று நினைத்து, அன்று கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போனேன். அதற்காக உங்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். என்னைத் தேடி வந்து சமாதானம் பேசாமல் விட்டீர்களே, அதற்கு நன்றி. யாராவது வந்து பேசியிருந்தால் வாதாடியிருப்பேன். வாதத்தில் ஜெயித்தும் இருப்பேன். அடுத்த வியாழன் நான் வழக்கமாக உட்காரும் இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருந்தீர்கள்.

மூன்றாவது வாரம், உயிருக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசி தங்கிய ஓரேப் மலையின் கெபி, அதாவது குகை. "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" அந்தக் கேள்வி இரண்டு தரம் கேட்கப்படுகிறது. நடுவில் பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோய், அமர்ந்த மெல்லிய சத்தமும் உண்டாகிவிட்டது. அத்தனைக்குப் பிறகும் எலியா முதலில் சொன்ன பதிலையே சொல்லுகிறான்: தனக்கிருந்த பக்திவைராக்கியம், மற்றவர்கள் செய்த அக்கிரமம், நான் ஒருவன்தான் மீதி என்பது. இதை எங்களில் கல்லூரியில் படிக்கிற ஒரு பிள்ளைதான் கண்டுபிடித்துச் சொன்னாள். வீட்டுக்குப் போய் என் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று வாரமும் ஒரே கதை. என் நியாயம், அண்ணனுடைய அநியாயம், நான் ஒருவன். தேவன் ஏன் கேட்கிறார் என்பது அன்று ராத்திரி எனக்கு விளங்கியது. அவருக்குப் பதில் தெரியும். நான் என்ன பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

இடையில் வந்த இரண்டு வாரங்களைப் பற்றி இங்கே எழுத இடமில்லை. ஆனால் பெதஸ்தா குளத்தைச் சொல்லாமல் போக முடியாது. தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவன் சொஸ்தமாவான் என்று வியாதிக்காரர்கள் காத்துக்கிடந்த குளம் அது. 38 ஆண்டுகள் வியாதியாய்க் கிடந்தவனிடம் இயேசு, "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா?" என்று கேட்கிறார். இது என்ன கேள்வி என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத நம் ஆச்சி, மரத்தில் சாய்ந்தபடியே சொன்னார்கள்: "அவன் ஆமென்று சொல்லவேயில்லையே ஐயா." பாட்டை நடுவில் நிறுத்தினாற்போல எல்லாரும் அடங்கிப்போனோம். உண்மைதான். என்னைக் குளத்தில் இறக்கிவிட ஒருவருமில்லை, எனக்கு முன்னே வேறொருவன் இறங்கிவிடுகிறான் என்றுதான் அவன் முறையிடுகிறான். முறையிட்டுப் பழகிய வாய்க்கு வேறு வார்த்தை வரவில்லை. ஆச்சி, உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி. 30 வருடமாக அந்த அதிகாரத்தை வாசித்திருக்கிறேன். நீங்கள் கேட்டது என் கண்ணில் பட்டதேயில்லை. என் சண்டை தீர வேண்டும் என்று ஜெபித்தேனே தவிர, தீர்ந்துபோனால் எதைச் சொல்லி நியாயம் பேசுவது என்ற பயமும் உள்ளே இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் நான் சொல்லும் நன்றி பொய்யாகிவிடும்.

சிலுவைக்கு முந்தின இரவை நினைக்கும் பெரிய வியாழன் ராத்திரி, கெத்செமனே தோட்டத்தில் தூங்கிப்போன பேதுருவிடம் இயேசு கேட்டது. "ஒருமணி நேரம் நீ விழித்திருக்கக் கூடாதா?" அன்று நாம் பேசவில்லை. ஒரு மணி நேரம் விழித்திருந்தோம். அந்த ஒரு மணி நேரமும் நான் அண்ணன் பேரைச் சொல்லியே ஜெபித்தேன், குற்றம் எதுவும் சேர்க்காமல்.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் விடியலில் என் சாவியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். திண்ணையில் அண்ணன் இருந்தார். ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளேயிருந்து மதினிதான் கேட்டார்கள்: "சாப்பிட்டீர்களா தம்பி?"

திபேரியாக் கடற்கரையில், ராமுழுதும் வலை போட்டும் ஒன்றும் அகப்படாதவர்களிடம் உயிர்த்தெழுந்தவர் கேட்ட முதல் கேள்வியும் சாப்பாட்டைப் பற்றியதுதான். "பிள்ளைகளே, புசிக்கிறதற்கு ஏதாகிலும் உங்களிடத்தில் உண்டா?" "ஒன்றுமில்லை" என்றார்கள். ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் மறந்துபோய் நானும் "இல்லை மதினி" என்றேன். இட்லி வைத்தார்கள். அண்ணன் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார். நாங்கள் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மோட்டார் அறையில் இப்போது ஒரு பூட்டுத்தான் இருக்கிறது; கணக்கு இன்னும் தீரவில்லை. மதினி, அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு நன்றி. உபதேசியார் ஐயா, எனக்காகப் பதில் சொல்லாமல் பொறுத்திருந்ததற்கு நன்றி.

யோனாவின் புத்தகம் கேள்வியோடு முடிகிறது, அதிலிருந்து மறுபடி தொடங்கலாம் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். அடுத்த வியாழன் பாய் விரிக்கும் முறை என்னுடையது. அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறேன், ஒரு பாய் கூடுதலாகக் கொண்டுவருகிறேன்.

கிறிஸ்துவுக்குள் அன்பான,
உங்கள் சபையில் ஒருவன்